செவ்வாய்ப் பாறையில் புற ஊதா ராமன்: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

கேள்வி இதுதான்: "செவ்வாயில் உயிரின் தடயத்தைத் தேட புற ஊதா ராமன் நிறமாலைக் கருவியை அனுப்பியிருக்கிறார்கள். நம் ஆய்வகங்களில் இருக்கும் பச்சை லேசர் ராமன் கருவி போதாதா? புற ஊதா எதற்கு? அங்கே உயிர் இருந்தது என்று அந்தக் கருவி சொல்லிவிடுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லாது. ஒரே ஒரு நிறமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உயிர் இருந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் ஒரு கல்லில் கார்பன் எங்கே இருக்கிறது, எந்தக் கனிமத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே இல்லை என்பதை, கல்லைப் பொடியாக்காமல் சூடாக்காமல், விரல் நகம் அளவு இடத்துக்குள் வரைபடமாகத் தர இன்று செவ்வாயில் இதைவிட நல்ல வழி இல்லை. உயிரைப் பற்றிய வாதம் அந்த வரைபடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் அதே நிறத்தில்தான் வரும். கோடியில் ஒன்று என்ற கணக்கில் சில ஃபோட்டான்கள் மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, அந்த அளவுக்கு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்று அளந்தால் (அந்த அளவை அலையெண்ணில் சொல்வார்கள்), அங்கே எந்தப் பிணைப்பு அதிர்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவீட்டை வரைந்தால் கிடைப்பதுதான் நிறமாலை; ஒவ்வொரு அதிர்வும் அதில் ஒரு முனையாக எழும். திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்டுபிடித்தது இதைத்தான். அறுபது திரவங்களில் பார்த்ததாக அந்த ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த குறிப்பில் எழுதினார்கள்.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உங்கள் கேள்விக்கு நேராக வந்து நிற்கிறது. 1923-லேயே ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் நீரிலும் ஆல்கஹாலிலும் சூரிய ஒளியைப் பாய்ச்சி, நிறம் மாறிய மங்கலான ஒளியைப் பார்த்துவிட்டார். அது ஃப்ளோரசன்ஸ், அதாவது திரவத்தில் கலந்திருக்கும் அழுக்கு ஒளியை உறிஞ்சித் திரும்ப உமிழ்வது என்று அப்போது எடுத்துக்கொண்டார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது மறையவில்லை. இது வேறு சங்கதி என்று உறுதியாக ஐந்து ஆண்டுகள் ஆயின. ராமன் சிதறலுக்கும் ஃப்ளோரசன்ஸுக்கும் இடையிலான பங்காளிச் சண்டை பிறவியிலேயே தொடங்கியது. இன்றுவரை ராமன் கருவியோடு வேலை செய்கிற எவரும் அந்தச் சண்டைக்கு நடுவில்தான் நிற்கிறார்கள்.

என் அனுபவம் ஒன்று. முதன்முதலில் 532 நானோமீட்டர் பச்சை லேசருக்குக் கீழே கண்மாய் வண்டல் மண்ணை வைத்தேன். திரையில் கூர்மையான முனைகள் வரிசையாக எழும் என்று எதிர்பார்த்தால், இடமிருந்து வலம் வரை ஒரே மேடு. மக்கிய இலைதழைகளின் ஒளிர்வு அது. லேசரை அதே புள்ளியில் பத்து நிமிடம் விட்டுவைத்தேன். ஒளி பட்டுப் பட்டு வெளுத்து மேடு கொஞ்சம் தணிந்தது. தணிந்த இடத்தில் குவார்ட்ஸின் 465 அலையெண் முனை மெல்லத் தலை காட்டியது. கரிமப் பொருளை, அதாவது கார்பன் சேர்ந்த மூலக்கூறுகளை, தேடி வைத்த மண்ணில் கடைசியில் எனக்குத் தெரிந்தது மணல் மட்டும்தான். கரிமம் அங்கே நிறைய இருந்தது. அதன் ஒளிர்வே அதன் ராமன் கையெழுத்தை மூடிவிட்டது.

புற ஊதாவின் முதல் பலன் இங்கேதான். ராமன் முனைகள் லேசரைப் பின்தொடர்ந்து போகும். லேசரின் நிறத்தை மாற்றினால் அவையும் கூடவே இடம் மாறும். ஃப்ளோரசன்ஸ் அப்படி இல்லை. எந்த மூலக்கூறோ, அதன் ஒளிர்வு தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் ரூபாய் நோட்டின் இழைகள் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கின் அலைநீளத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றினாலும் இழையின் நிறம் மாறாது. இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பச்சை லேசரில் கார்பனுக்குரிய 1600 அலையெண் முனை சுமார் 581 நானோமீட்டரில் விழும். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் 2900 அலையெண் முனை 629 பக்கம் விழும். கரிமங்களும் பல கனிமங்களும் ஒளிர்கிற இடமும் அதுதான். லேசரை 248.6 நானோமீட்டருக்குக் கொண்டுபோனால் அதே இரண்டு முனைகளும் 259-க்கும் 268-க்கும் வந்துவிடும். ஒளிர்வு பெரும்பாலும் 270-க்கு மேலேதான் தொடங்கும். இரண்டும் தனித்தனித் தெருவுக்குப் போய்விடுகின்றன. பிரிந்தபின் ஒளிர்வும் தகவலாகிறது. பென்சீன் போன்ற ஒற்றை வளையச் சேர்மங்கள் குறைந்த அலைநீளத்தில் ஒளிரும்; வளையங்கள் கூடக் கூட ஒளிர்வு நீண்ட அலைநீளத்துக்கு நகரும். முன்பு தொல்லையாக இருந்ததே இப்போது இன்னொரு சாட்சி.

இரண்டாவது பலன் வலிமை. சிதறலின் செறிவு அலைநீளத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 785 நானோமீட்டர் லேசரோடு ஒப்பிட்டால் 248.6-இல் சிதறல் சுமார் 100 மடங்கு. பச்சை லேசரோடு ஒப்பிட்டால் சுமார் 21 மடங்கு. இதற்கு மேல் ஒத்திசைவு என்று ஒன்று உண்டு. வளையக் கரிமங்களும், டிஎன்ஏவின் காரங்களும், டிரிப்டோஃபான் போன்ற அமினோ அமிலங்களும் 250 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாக உறிஞ்சுபவை. அவை உறிஞ்சும் இடத்திலேயே லேசரை வைத்தால் ராமன் குறிகை இன்னும் பல நூறு மடங்கு ஏறும். சுற்றியிருக்கும் கல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே கல் நிறைய இருந்தும், கரிமம் துளியே இருந்தும், கரிமத்தின் குரல் கேட்கிறது.

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, மண்ணைச் சூடாக்கி வரும் ஆவியைச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். 1976-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் வைக்கிங் கலங்கள் அதைத்தான் செய்தன. செவ்வாய் மண்ணைச் சூடாக்கின. நம்பத்தக்க கரிமம் எதுவும் தெரியவில்லை என்று முடிவானது. கொஞ்சம் குளோரின் சேர்ந்த சேர்மங்கள் வந்தன. அவை பூமியில் கருவியைத் துடைத்த கரைப்பானின் மிச்சம் என்று ஒதுக்கப்பட்டன. 2008-இல் ஃபீனிக்ஸ் என்ற இன்னொரு நாசா கலம் தரையிறங்கி, செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற, குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு இருப்பதைக் காட்டிய பிறகுதான் பலருக்கும் பொறி தட்டியது. பெர்குளோரேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் கரிமம் எரிந்து போய், குளோரின் சேர்ந்த எச்சமே மிஞ்சும். தேடிய பொருளைத் தேடும் முறையே அழித்திருக்கக்கூடும். ஒளியை மட்டும் பாய்ச்சிப் பார்க்கும் முறைக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புற ஊதாவும் நெடுநேரம் பட்டால் கரிமத்தைச் சிதைக்கும்தான். அதனால் லேசர் துடிப்புகளின் எண்ணிக்கையை அளந்துதான் கொடுக்கிறார்கள்.

இப்போது கருவிக்கு வருவோம். நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர், அதாவது செவ்வாயில் ஓடும் ஆய்வு வண்டி, 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசீரோ பள்ளத்தில் இறங்கியது. அதன் கையின் நுனியில் இருக்கிறது ஷெர்லாக் என்ற இந்தப் புற ஊதா ராமன் கருவி. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் உருவாக்கியது. லூதர் பீகல் அதன் முதல் தலைமை ஆய்வாளர். நியானும் செம்பும் கொண்டு இயங்கும் சிறிய லேசர் 248.6 நானோமீட்டரில் ஒளியைத் தருகிறது. கல்லின் மேல் அது விழும் புள்ளி சுமார் 100 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன். ஒரு புள்ளியில் சுட்டு, நிறமாலை எடுத்து, அடுத்த புள்ளிக்கு நகரும். விரிவான அலகிடலில் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் கட்டத்தில் 36 வரிசை, ஒவ்வொன்றிலும் 36 புள்ளி, மொத்தம் 1296 நிறமாலைகள். பகல் வெளிச்சம் கலக்காமலிருக்கப் பெரும்பாலும் இரவில் வேலை. அதற்கு முன் கல்லின் மேல்தோலை ரோவர் வட்டமாகத் தேய்த்து, நைட்ரஜன் வாயுவை ஊதித் தூசியைக் கலைத்துவிடும். செவ்வாயில் ஓசோன் காவல் இல்லாததால் சூரியனின் புற ஊதா நேராகத் தரையில் விழுகிறது. மேல்தோலில் இருந்த கரிமம் எப்போதோ சிதைந்திருக்கும். இந்தத் தேய்ப்பு இல்லாமல் தேடுவது வீண் வேலை.

எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். கருவி சரியாக அளக்கிறதா என்று அவ்வப்போது ஒத்துப்பார்க்க ரோவரில் ஒரு தட்டு பொருத்தியிருக்கிறார்கள். அதில் 1999-இல் ஓமன் பாலைவனத்தில் கிடைத்த விண்கல் ஒன்றின் துண்டு இருக்கிறது. அது செவ்வாயிலிருந்து தெறித்துப் பூமிக்கு வந்த கல். வந்த வழியே அதன் ஒரு துண்டைச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே எதிர்கால விண்வெளி உடைகளுக்கான துணித் துண்டுகளும் இருக்கின்றன, செவ்வாயின் வெயிலில் அவை எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க.

இனி வில்லங்கமான பகுதி. ஷெர்லாக் தரும் நிறமாலை, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் பளிச்சென்று இருக்காது. கருவிக்குள் இருக்கும் சிலிக்காக் கண்ணாடியே தன் சிதறலைக் கொஞ்சம் சேர்த்துவிடும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று உணரியில் மோதினால், ஊசிபோல ஒரு முனை எழும். அசல் ராமன் முனை என்று ஏமாந்துபோக எல்லா வாய்ப்பும் உண்டு. 800 அலையெண்ணுக்குக் கீழே இந்தக் கருவிக்குப் பார்வை கிடையாது, அதனால் என் கண்மாய் மண்ணில் தெரிந்த அந்த 465 முனை இதற்குத் தெரியவே தெரியாது. கனிமங்களை அடையாளம் காண்பதில் இது உண்மையான குறை.

ஒளிர்வும் ஏமாற்றும். 2023-இல் சுனந்தா சர்மாவும் குழுவினரும், பள்ளத்தின் தரையில் ஆராய்ந்த 10 இலக்குகளிலும் வளையக் கரிமங்களோடு ஒத்துப்போகும் ஒளிர்வு இருப்பதாக எழுதினார்கள். 2024-இல் ஈவா ஷெல்லர் தலைமையில் வந்த கட்டுரை, அதே ஒளிர்வைக் கரிமமே இல்லாமல் விளக்கலாம் என்றது. பாஸ்பேட் கனிமத்தில் சீரியம் என்ற தனிமம் சிறிதளவு புகுந்திருந்தாலோ, சிலிகேட் படிகத்தில் குறைபாடுகள் இருந்தாலோ கிட்டத்தட்ட அதே இடத்தில் ஒளிரும். இதைப் பின்னடைவாக நான் பார்க்கவில்லை. ஒளிர்வு மட்டும் போதாது, ராமன் முனையும் கூடவே வேண்டும் என்ற கட்டுப்பாடு இதனால் இறுகியது. ஒளிர்வு வழி காட்டலாம். சாட்சிக் கூண்டில் ராமன்தான் ஏற வேண்டும்.

ராமன் சாட்சிக்கும் ஒரு எல்லை உண்டு என்பதைப் பூமியிலேயே கற்றுக்கொண்டோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏப்பெக்ஸ் செர்ட் என்ற பாறை சுமார் 346 கோடி ஆண்டு பழையது. அதில் நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் இருப்பதாக வில்லியம் ஷாப் 1993-இல் அறிவித்தார். 2002 மார்ச்சில், ஒரே அறிவியல் இதழின் ஒரே பதிப்பில், இரண்டு கட்டுரைகள் எதிரெதிராக வந்தன. அந்த இழைகள் கார்பனால் ஆனவை என்று ராமன் படங்களோடு ஷாப் காட்டினார். அவை வெந்நீர் ஊற்றுப் பாறையில் உருவான கார்பன் படிவுகள், உயிரியாக இருக்கத் தேவையில்லை என்றார் மார்ட்டின் பிரேசியர். அந்த ஆண்டே ஜில் பாஸ்டெரிஸும் பிரிஜிட் வோபென்காவும் ஒரு குறிப்பு எழுதினார்கள்: ராமன் காட்டுவது ஒழுங்கு குலைந்த கார்பனை மட்டும்தான்; அந்தக் கார்பன் உயிரிலிருந்து வந்ததா என்று அது சொல்லாது. இந்தத் துறைக்கு வருகிற மாணவர் ஒருவர் ஒரே ஒரு சர்ச்சையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படிக்கச் சொல்வேன். கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பூமிப் பாறைக்கே இந்தப் பாடு.

அப்படியானால் வரைபடம் எப்படி உதவுகிறது? கிரீன்லாந்தில் நடந்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. 2019-இல், அதே வகை ஆழ்புற ஊதா லேசர் கருவியைப் பனிப்படலத்தில் துளையிட்ட ஓட்டைக்குள் சுமார் 100 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார்கள். பனி உருக்கப்படவில்லை, சுவரை அப்படியே அலகிட்டுப் பார்த்தார்கள். பனியில் சிக்கிய நுண்ணுயிர்களின் ஒளிர்வு சீராகப் பரவியிருக்கவில்லை. அங்கங்கே திட்டுத்திட்டாகக் கூடியிருந்தது. அதே பனியை வெட்டி உருக்கி அளந்திருந்தால் ஒரு சராசரி எண் கிடைத்திருக்கும், திட்டுகள் கரைந்து போயிருக்கும். உயிர் ஓரிடத்தில் குடியிருந்தால் அக்கம்பக்கத்தை மாற்றும், உணவு கிடைக்கும் இடத்தில் கூடும். அந்த ஏற்பாடு குலையாமல் பார்ப்பதுதான் இந்தக் கருவியின் வலு.

செவ்வாயில் இதற்கு நிகரான தருணம் வந்தது 2024-இல். அதற்கு முன் கருவியே கிட்டத்தட்டக் கைவிட்டுப் போயிருந்தது. ஜனவரி 6 அன்று அதன் தூசி மூடிகளில் ஒன்று, லேசர் வெளியே வர முடியாத நிலையில் சிக்கிக்கொண்டது. சூடாக்கிப் பார்த்தார்கள், கையை வேறு வேறு கோணங்களில் திருப்பினார்கள், துளையிடும் கருவியின் அதிர்ச்சியால் உலுக்கிக்கூடப் பார்த்தார்கள். மார்ச்சில் மூடி நன்றாகத் திறந்திருப்பது படத்தில் தெரிந்தது. ஆனால் குவியம் சரிசெய்யும் வசதி இல்லாமல் போனது. அதனால் ரோவரின் கையையே முன்னும் பின்னும் நகர்த்தி, கல்லிலிருந்து சுமார் 40 மில்லிமீட்டர் தூரம் பொருத்தமானது என்று கண்டுபிடித்தார்கள். ஜூன் 17 அன்று கருவி மறுபடியும் நிறமாலை எடுத்தது. சாவி தொலைந்த பூட்டைப் பொறுமையாகத் திறந்த மாதிரி அந்த வேலை. பல கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கான நெரெட்வா வாலிஸில், ஒரு மீட்டருக்கு 0.6 மீட்டர் அளவுள்ள, அம்புமுனை வடிவக் கல் ஒன்று எதிர்ப்பட்டது. செயாவா ஃபால்ஸ் என்று பெயர் வைத்தார்கள். செம்மண் நிறச் சேற்றுப்பாறை. நடுவே வெள்ளை கால்சியம் சல்பேட் நரம்புகள். அவற்றுக்கு இடையில் மில்லிமீட்டர் அளவில் வெளிறிய புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கருத்த விளிம்பு, சிறுத்தைத் தோல் போல. ஷெர்லாக் இங்கே கார்பனின் 1600 பக்கத்து முனையைப் பதிவு செய்தது. பிக்ஸல் என்ற எக்ஸ் கதிர்க் கருவி, விளிம்புகளில் இரும்பும் பாஸ்பரஸும் கூடியிருப்பதைக் காட்டியது. 2025 செப்டம்பரில் ஜோயல் ஹுரோவிட்ஸ் குழு வெளியிட்ட கட்டுரை, அந்தக் கனிமங்கள் விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட்டாகவும் கிரைகைட் என்ற இரும்பு சல்பைடாகவும் இருக்கலாம் என்கிறது. பூமியில் குளத்துச் சேற்றில், நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்று இரும்பையும் சல்பேட்டையும் ஒடுக்கும்போது, அதாவது அவற்றுக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கும்போது, இவை உருவாவது வழக்கம். உயிர் இல்லாமலும் உருவாகலாம். ஆனால் சல்பேட் அப்படி ஒடுங்க நல்ல வெப்பம் வேண்டும். அந்தப் பாறை அவ்வளவு சூடேறியதற்கான அடையாளம் தெரியவில்லை. கட்டுரை உயிர் என்று சொல்லவில்லை. உயிர்த் தடயமாக இருக்கக்கூடியது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். கவனியுங்கள், இங்கே வாதம் நிற்பது கார்பன் முனை ஒன்றின் மேல் மட்டும் இல்லை. கார்பன், இரும்பு, பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் ஒரே சேற்றில், மில்லிமீட்டர் அளவு ஒழுங்கில் உட்கார்ந்திருக்கும் விதத்தின் மேல் நிற்கிறது.

அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டால், எனக்கு ஒரே ஆசைதான்: ஆழம். புற ஊதா லேசர் கல்லுக்குள் அதிகம் இறங்காது, தோலோடு நின்றுவிடும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசலிண்ட் ஃபிராங்க்லின் ரோவர், 2028-இல் ஏவத் திட்டமிடப்பட்டிருப்பது, 2 மீட்டர் வரை துளையிட்டு, கதிர்வீச்சு அதிகம் எட்டாத இடத்திலிருந்து மண்ணை எடுக்கும். ஆனால் அதில் இருக்கும் ராமன் லேசர் 532 நானோமீட்டர், பச்சை. ஒளிர்வு மேடு அங்கேயும் வந்து வழிமறிக்கும். அந்தத் துளைக் கருவியும் இந்தப் புற ஊதா லேசரும் ஒரே வண்டியில் போகவேண்டும் என்பது என் விருப்பம்.

செயாவா ஃபால்ஸில் 2024 ஜூலை 21 அன்று துளையிட்டு எடுத்த உருளை, சஃபையர் கேன்யன் என்ற பெயரில், மூடி முத்திரையிட்ட குழாய்க்குள் ரோவரோடு இருக்கிறது. இப்படிச் சேர்த்த மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1100 கோடி டாலர் வரை ஆகும் என்று 2024-இல் கணக்கு வந்தபோது, நாசாவே அது கட்டுப்படியாகாது என்றது. என்றைக்காவது அந்தக் குழாய் இங்கே வந்து சேர்ந்தால், இரும்பு, கந்தகம், கார்பன் மூன்றின் ஐசோடோப்புகளையும், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களையும், அளப்பார்கள். அந்தச் சோதனைகள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஆகவே உருளையை மெல்லிய சீவலாக வெட்டியதும் முதலில் அதன் மேல் விழுவது ஒரு ராமன் லேசராகத்தான் இருக்க வேண்டும், ஒரு புள்ளி விடாமல்.